மாடித்தோட்டச் செடிக்கு என்ன ஆச்சு? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

"மிளகாய் இலை சுருண்டுகிட்டே போகுது, என்ன அடிக்கலாம்?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன். இலை மேல் பக்கமாகச் சுருள்கிறதா, கீழ்ப் பக்கமாகச் சுருள்கிறதா? இதற்குப் பதில் கிடைத்தாலே பாதி வைத்தியம் முடிந்த மாதிரிதான். பெரும்பாலோர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்காமலே வேப்பெண்ணெயைத் தெளித்திருப்பார்கள்.

எங்கள் மொட்டை மாடியில் எழுபது பைகள் இருக்கின்றன. கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி, பந்தலில் பாகலும் பீர்க்கனும், ஓரமாகச் செம்பருத்தியும் கறிவேப்பிலையும். பல வருடமாகப் பூச்சிகளோடு பழகியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: வேப்பெண்ணெய் நல்ல மருந்து, ஆனால் நோய் தெரியாமல் கொடுத்தால் அதுவும் வீண். வைரஸ் வந்த செடிக்கு அது எதுவும் செய்யாது. தண்ணீர் தேங்கி வேர் அழுகும் செடிக்கும் எதுவும் செய்யாது. கெட்ட பூச்சிகளைத் தின்று நமக்காக உழைத்துக்கொண்டிருக்கும் பொறிவண்டுக் குஞ்சின் மேல் பட்டால் கெடுதல்தான். அதனால் கீழே மருந்தின் பெயரை வைத்துச் சொல்லாமல், கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்துச் சொல்கிறேன். உங்கள் செடியில் இருப்பது எதுவோ அந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

எப்படிப் பார்ப்பது

வெயில் ஏறுவதற்கு முன், காலை ஏழு மணிக்குள் பாருங்கள். கொழுந்து, நடு இலை, அடி இலை என மூன்று உயரத்தில் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். சாறு உறிஞ்சும் பூச்சிகள் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கும். சின்னதாக இருந்தால் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கலாம். இன்னொரு எளிய சோதனை: ஒரு வெள்ளைத் தாளைச் செடிக்குக் கீழே பிடித்துக்கொண்டு கொழுந்தை இரண்டு தட்டு தட்டுங்கள். விழுவது நகர்கிறதா என்று கவனியுங்கள். காலையில் ஓட்டை தெரிகிறது, பூச்சி மட்டும் சிக்கவில்லை என்றால் இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு போங்கள். புழுவும் நத்தையும் அந்த நேரத்தில்தான் சாப்பாட்டுக்கு வெளியே வரும்.

மிளகாய் இலை சுருள்கிறது

அதிகமாகக் குழப்பம் வருவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இலையின் இரண்டு ஓரமும் மேல் நோக்கி மடிந்து, படகு மாதிரி இருந்தால் இலைப்பேன். வெள்ளைத் தாளில் தட்டினால் மெல்லிய, மஞ்சள் நிற, நூல் துண்டு போன்ற பூச்சிகள் ஊரும். இலையின் அடியில் வெள்ளி பூசியது போல ஒரு பளபளப்பும் தெரியும். வறண்ட வெயில் நாளில் இது பெருகும். இதற்கு முதல் மருந்து தண்ணீர்தான். இலையின் அடிப்பக்கம் படும்படி காலையில் வேகமாகப் பீய்ச்சியடியுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று முறை. அப்புறம் வாரம் ஒரு முறை மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல். இலைப்பேன் கூட்டுப்புழு ஆவது மண்ணில்தான். அதனால் ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கைப் போட்டு மேல் மண்ணோடு கிளறி விடுங்கள். இதை விட்டுவிட்டு இலைக்கு மட்டும் தெளித்தால் பத்து நாளில் திரும்பி வந்துவிடும். நீல நிற ஒட்டும் அட்டை இலைப்பேனை ஈர்க்கும். சாறு உறிஞ்சும் இன்னொரு குட்டிப் பூச்சியான வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டை. கடையில் வாங்கும்போது மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

இலை ஓரம் கீழ் நோக்கி வளைந்து, கவிழ்த்த படகு மாதிரி இருந்தால் அது முரணை எனப்படும் மஞ்சள் சிலந்தி. கண்ணுக்கே தெரியாது. இலைக் காம்பு வழக்கத்தை விட நீண்டு, இலை சிறுத்து, கரும்பச்சையாகத் தடித்திருக்கும். இது பூச்சி இனமே இல்லை, எட்டுக் கால் சிலந்தி இனம். ஆகவே பூச்சிக்குச் சொல்லும் மருந்தெல்லாம் இதற்குச் சரியாகக் கேட்காது. மோசமாகச் சுருண்ட நுனிகளைக் கிள்ளிப் பைக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள். நனையும் கந்தகத்தூள் 1 லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளித்தால் நன்றாகக் கட்டுப்படும். இரண்டு எச்சரிக்கை: கத்திரி வெயில் நாளில் கந்தகம் தெளித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் தெளித்தாலும் கருகும்.

மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. இலை எல்லாம் குட்டி குட்டியாகி, நெருக்கமாக, முடிச்சு முடிச்சாகக் கொத்தாக நிற்கிறது, செடி வளரவே இல்லை, பூவும் இல்லை. இது இலைச்சுருட்டு வைரஸ், வெள்ளை ஈ கொண்டுவந்து விட்டது. சொல்லவே மனசு கஷ்டமாக இருக்கிறது, இதற்கு மருந்து கிடையாது. பிடுங்கிவிடுங்கள். "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்று வைத்திருந்த ஒரு செடியால் வரிசையில் இருந்த ஏழு செடிகளை நான் இழந்திருக்கிறேன். அந்த வருடம் எங்கள் வீட்டில் மிளகாய் கடையில்தான் வாங்கினோம்.

கொழுந்து பிசுபிசுவென்று இருக்கிறது, எறும்பு வரிசையாக ஏறுகிறது

அசுவினி. செடிப்பேன் என்றும் சொல்வார்கள். அவரை, வெண்டை, கத்தரிக் கொழுந்தில் பச்சையாகவோ கறுப்பாகவோ அடை அடையாக அப்பியிருக்கும். ஆணோடு சேராமலே குட்டி போடும் பூச்சி இது. அதனால்தான் நேற்று பத்து இருந்தது, இன்று நூறாகத் தெரிகிறது. சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை வெளியேற்றும். எறும்பு அதற்காகத்தான் வருகிறது. வந்ததோடு நிற்காமல், அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டிவிடும். இலை மேல் படிந்த இனிப்பில் கரும்பூசணம் வளர்ந்து, அடுப்புக்கரி தடவியது போல ஆகிவிடும்.

ஆகவே எறும்பை நிறுத்துங்கள், பாதி வேலை முடிந்தது. பைகள் ஸ்டாண்டில் இருந்தால் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். கொசு வராமல் இருக்க இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும். இலை சுவரில் உரசாமல் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் அதையே பாலமாக்கிக்கொள்ளும். பிறகு கொழுந்தை ஒரு கையால் தாங்கிப் பிடித்து, தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியைக் கழுவி விடுங்கள். கீழே விழுந்தது பெரும்பாலும் மேலே ஏறாது. மிச்சம் இருந்தால் சோப்புக் கரைசல்.

தெளிப்பதற்கு முன் ஒன்று பாருங்கள். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே, கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டோடு, குட்டி முதலை போல ஒன்று ஊர்கிறதா? அது பொறிவண்டின் குஞ்சு. தாய் வண்டை விட அதிகப் பசியோடு அசுவினியைத் தின்னும். சில அசுவினிகள் உப்பி, பழுப்பு நிறத்தில், அசையாமல் ஓடு மாதிரி ஒட்டியிருந்தால், ஒட்டுண்ணிக் குளவி அவற்றின் உள்ளே முட்டையிட்டிருக்கிறது என்று பொருள். இந்த இரண்டில் எது இருந்தாலும் ஒரு வாரம் எதையும் தெளிக்காதீர்கள். தண்ணீர் பீய்ச்சுவது கூட வேண்டாம்.

இன்னொன்று, மீனையும் வெல்லத்தையும் புளிக்கவைத்துச் செய்யும் மீன் அமிலத்தையும் கடலைப் பிண்ணாக்குக் கரைசலையும் அடிக்கடி ஊற்றினால் கொழுந்து தளதளவென்று வரும். அசுவினிக்கு அதுதான் விருந்து. திரும்பத் திரும்ப அசுவினி வருகிற வீட்டில் முதலில் உரத்தைத்தான் குறைக்கச் சொல்வேன்.

கணுவிலும் காம்பிலும் வெள்ளைப் பஞ்சு

மாவுப்பூச்சி. செம்பருத்தி, பப்பாளி, கத்தரி, கொய்யா. உடம்பு முழுக்க மெழுகு பூசியிருப்பதால் வெறும் தண்ணீரோ வெறும் கஷாயமோ ஒட்டாமல் வழிந்துவிடும். சோப்பு கலந்தால்தான் மெழுகைத் தாண்டி உடம்பில் படும். பழைய டூத் பிரஷைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, கணுக்களைத் தேய்த்து விடுவதே சிறந்த வழி. ரொம்ப அடர்ந்த கிளையை வெட்டி, சோப்பு வாளியில் முக்கிவிட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள். அப்படியே கீழே போட்டால் எறும்பு திரும்ப மேலே தூக்கிக்கொண்டு போய்விடும்.

இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். எங்கள் செம்பருத்தியில் மாவுப்பூச்சிகளுக்கு நடுவே, அவற்றை விடப் பெரிதாக, நீள நீளமான வெள்ளை மெழுகு இழைகளோடு சில பூச்சிகள் இருந்தன. "தாய்ப்பூச்சி போலிருக்கிறது" என்று நினைத்து அவற்றைத்தான் முதலில் தேய்த்து அழித்தேன். அவை கிரிப்டோலேமஸ் என்கிற பொறிவண்டின் குஞ்சுகள் என்று பிறகுதான் தெரிந்தது. மாவுப்பூச்சியைத் தின்பதற்கென்றே இருக்கிற வண்டு அது. பார்ப்பதற்கு மாவுப்பூச்சி மாதிரியே வேஷம் போட்டிருக்கும். காபிச் செடியின் செதில் பூச்சிக்காக 1898ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அடையாளம் கண்டுபிடிக்க ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி நகர மனசில்லாமல் கிடக்கும், வண்டுக் குஞ்சு விறுவிறுவென்று நடக்கும். நடந்தால் விட்டுவிடுங்கள். இன்றைக்கும் அந்தச் செம்பருத்தியைப் பார்க்கும்போது அந்தக் குஞ்சுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

இயற்கை எதிரியின் பலம் எவ்வளவு என்பதற்குப் பப்பாளியே சாட்சி. 2008ல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் சாய்த்தது. மருந்து அடித்து அடித்து விவசாயிகள் ஓய்ந்துபோனார்கள். 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவியைத் தருவித்து வயல்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. அந்தக் குளவி நம் மாடிக்கும் வரும், நாம் கண்டதையும் தெளித்து விரட்டாமல் இருந்தால்.

கத்தரியின் நுனி மட்டும் தலை தொங்குகிறது

செடி முழுக்க நன்றாக இருக்கிறது, ஒரு கிளையின் நுனி மட்டும் வாடித் தொங்குகிறது. தண்ணீர் ஊற்றினாலும் நிமிரவில்லை. தண்டுத்துளைப்பான் உள்ளே போய்விட்டது. இளஞ்சிவப்பான புழு. பூவும் காயும் வந்த பிறகு அதே புழு காய்க்குள் இறங்கிவிடும். சந்தையில் வாங்கும் கத்தரிக்காயில் நாம் வெட்டி எறிவோமே, அதே புழுதான்.

புழு தண்டுக்குள் இருக்கும்போது வெளியே என்ன தெளித்தாலும் அதன் மேல் படாது. கத்தரிக்கோல் எடுங்கள். வாடிய நுனிக்குக் கீழே துளை முடியும் வரை வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் நடுத்தண்டு பச்சையாக, ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும். வெட்டியதைப் பிளந்து புழுவை நசுக்குங்கள். கிள்ளிக் கீழே போட்டால் புழு வெளியே வந்து கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சியாகப் பறந்துவிடும். வாரம் இரண்டு முறை இப்படிப் பாருங்கள். துளை உள்ள காயையும் உடனே பறித்துவிடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு கிளை புதிதாக வரும், செடிக்கு நஷ்டம் இல்லை.

முட்டையிலிருந்து வெளிவந்து உள்ளே போகும் வரை இருக்கும் குறுகிய நேரத்தில்தான் வேப்பங்கொட்டைக் கரைசல் வேலை செய்யும். அதனால் அது வாரம் தவறாமல் தெளிக்க வேண்டிய முன்தடுப்பு. பெண் அந்துப்பூச்சியின் வாசனையை வைத்து ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி, கத்தரிக்கென்று தனியாகக் கிடைக்கிறது, ஒரு மாடிக்கு ஒன்று போதும். ஆண் அந்துப்பூச்சி மட்டும்தான் அதில் விழும் என்பதால், பொறி வைத்தாயிற்று என்று வெட்டும் வேலையை நிறுத்திவிடாதீர்கள். வெண்டையிலும் இப்படி நுனி தொங்கும். அது வேறு புழு, வைத்தியம் அதே வெட்டுதான்.

வெண்டை இலை மஞ்சளாகிறது

மஞ்சள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நரம்பு மஞ்சளாகவும், நரம்புகளுக்கு நடுவே பச்சையாகவும், வலை பின்னியது போல இருந்தால் மஞ்சள் நரம்புத் தேமல் வைரஸ். இதையும் வெள்ளை ஈதான் பரப்புகிறது. காய் வெளிறி, கட்டையாகிவிடும். பிடுங்குவதுதான் வழி. பை மண்ணை வீசத் தேவையில்லை, இந்த வைரஸ் மண்ணில் தங்காது. அடுத்த முறை அர்கா அனாமிகா போன்ற, தேமலைத் தாங்கும் ரகமாகப் போடுங்கள். முளைத்த நாளிலிருந்தே மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைச் செடி உயரத்துக்குக் கட்டிவையுங்கள்.

இதற்கு நேர் எதிராக, நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருந்து, அதுவும் இளம் இலையில் மட்டும் என்றால், இரும்புச்சத்துக் குறைவு. உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் வீடுகளில் சாதாரணம். நாட்டு மருந்துக் கடையிலோ உரக்கடையிலோ கிடைக்கும் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) 1 லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் கலந்து மாலையில் தெளித்தால் ஒரு வாரத்தில் பச்சை திரும்பும். அடி இலைகள் மட்டும் முழுதாக மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு, மண்புழு உரம் இரண்டு கைப்பிடி போடுங்கள்.

பாகல், பீர்க்கன், பூசணிப் பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது

விழுந்த பிஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, அதிலிருந்து பிசின் கசிந்திருக்கிறது, வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது என்றால் பழ ஈ. ஒரு குத்தும் இல்லை, உள்ளே சுத்தமாக இருக்கிறது, பிஞ்சு அப்படியே சுருங்கிவிட்டது என்றால் மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை. இதற்குப் போய்ப் பூச்சிவிரட்டி தெளித்தால் வருகிற ஒன்றிரண்டு தேனீயும் வராது.

சேர்க்கை நடக்காத பிரச்சினைக்கு நாமே தேனீ ஆகிவிட வேண்டியதுதான். பிஞ்சு ஒட்டியிருப்பது பெண் பூ, வெறும் காம்பில் நிற்பது ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கிவிட்டுப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். நேரம் முக்கியம். பூசணியும் பாகலும் விடிகாலையில் மலரும். சுரையும் பீர்க்கனும் மாலையில். புடலை இருட்டத் தொடங்கும்போது. காலையில் எழுந்து பீர்க்கன் பூவைத் தேடி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். இன்னொன்று: முதல் இரண்டு வாரம் ஆண் பூ மட்டும் வந்து உதிர்வது இயல்பு, அதற்குக் கவலைப்படவே வேண்டாம்.

பழ ஈ என்றால், குத்திய பிஞ்சு எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு பாலித்தீன் பையில் இறுகக் கட்டி, வெயிலில் இரண்டு மூன்று நாள் போடுங்கள். மக்குக் குழியில் போடக் கூடாது. புழு குழிக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளியே வரும். பூ வாடியவுடனே நல்ல பிஞ்சுகளுக்குப் பழைய வேட்டித் துணியிலோ வலைத்துணியிலோ ஒரு பை தைத்து மாட்டிவிடுங்கள். எனக்குத் தெரிந்து இதை விட உறுதியான பாதுகாப்பு இல்லை. பொறி வாங்கினால் கியூ லூர் என்று கேட்டு வாங்குங்கள். மாம்பழ ஈக்கான மீத்தைல் யூஜினால் பொறியில் பாகலின் ஈ விழாது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கவாட்டில் சில ஓட்டைகள் போட்டு, நனைத்த கருவாட்டுத் துண்டை உள்ளே வைத்துப் பந்தலில் தொங்கவிடுவதும் உண்டு. வாடை பக்கத்து வீட்டுக்குப் போகும், அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இலையில் ஓட்டை, கோடு, சல்லடை

வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து கோலம் போட்டது போல இருந்தால், இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு குட்டிப் புழு சுரங்கம் தோண்டிக்கொண்டு போகிறது. கோடு தடித்து முடியும் இடத்தை விரலால் அழுத்துங்கள், முடிந்தது. வளர்ந்த செடிக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை.

கத்தரி இலை பச்சையம் சுரண்டப்பட்டுச் சல்லடை போல இருந்தால் புள்ளி வண்டு. இது பொறிவண்டின் உறவுதான், ஆனால் செடியைத் தின்னும் உறவு. பொறிவண்டு பளபளவென்று மின்னும். புள்ளி வண்டு மங்கலான செம்பு நிறத்தில், மெல்லிய ரோமத்தோடு, நிறையக் கறுப்புப் புள்ளிகளோடு இருக்கும். அதன் குஞ்சு மஞ்சளாக, உடம்பு முழுக்கக் கிளைத்த முட்களோடு இலையின் அடியில் ஒட்டியிருக்கும். கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மஞ்சள் முட்டைக் கொத்து மட்டும் தெரிந்தால் சந்தேகம் வரும், இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பக்கத்தில் அசுவினி இருந்தால் பொறிவண்டு முட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம், விட்டுவைத்துப் பொரிந்ததும் பாருங்கள்.

ஓரத்திலிருந்து பெரிய பெரிய ஓட்டை, இலை மேல் கறுப்பு உருண்டைக் கழிவு என்றால் வெட்டுப்புழு. ஒரே ஒரு இலை மட்டும் கண்ணாடிக் காகிதம் போல ஆகியிருந்தால், அப்போதுதான் பொரிந்த குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் அந்த இலையிலேயே இருக்கும். அந்த ஒரு இலையைக் கிள்ளினால் நூறு புழு போச்சு. தவறவிட்டுப் பரவிவிட்டால், சிறிய புழுவாக இருக்கும்போதே பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாத் தூளை மாலையில் தெளியுங்கள். பெரிய புழுவுக்கு அது அவ்வளவாகக் கேட்காது, இரவில் டார்ச்சோடு பொறுக்குவதுதான்.

கறிவேப்பிலை, எலுமிச்சையில் பறவை எச்சம் போல ஒன்று உட்கார்ந்திருந்து, பிறகு பச்சைப் புழுவாக மாறினால் அது வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னக் கன்றாக இருந்தால் எடுத்து வேறு பெரிய மரத்தில் விடுங்கள். பெரிய செடி என்றால் நான் அப்படியே விட்டுவிடுவேன். ரோஜா இலை ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டியது போல அரைவட்டமாகக் காணாமல் போனால் இலைவெட்டித் தேனீ கூட்டுக்காக எடுத்துப் போயிருக்கிறது. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

இலை மங்கித் தூசி படிந்தது போல இருக்கிறது

இலை மேலே ஊசிமுனைப் புள்ளிகளாக வெளிறி, அடியில் மெல்லிய நூலாம்படை இருந்தால் செஞ்சிலந்தி. கோடையில் வரும் தொல்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை அடி இலையில் தண்ணீர் பீய்ச்சுவது, நிழல்வலை போடுவது, இரண்டும் சேர்ந்தால் போதும். மிளகாய்க்குச் சொன்ன கந்தகத்தைக் கோடை முடிந்த பிறகு யோசிக்கலாம்.

இலை மேல் வெள்ளைப் பொடி

விரலால் துடைத்தால் வந்துவிடுகிறதா? சாம்பல் நோய். மார்கழி, தை, மாசியில் பூசணி, பாகல், வெண்டைக்கு வரும். மோசமான இலைகளை நீக்கிவிட்டு, புளித்த மோர் 1 பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு கலந்து வாரம் ஒரு முறை காலை வெயிலில் காயும்படி தெளியுங்கள். ஆரம்பத்திலேயே செய்தால் பலன் தெரியும். துடைத்தால் வரவில்லை, நரம்பை ஒட்டி ஒரே சீராக வெள்ளைத் திட்டு இருக்கிறது என்றால் சில பூசணி ரகங்களின் இயல்பான நிறமே அது. பொடி உள்ள இலையில் மஞ்சள் நிறச் சின்ன வண்டுகள் மேய்ந்தால் கொல்லாதீர்கள், அவை அந்தப் பூசணத்தைத் தின்ன வந்தவை.

மண்ணில் ஈரம் இருக்கிறது, செடி வாடுகிறது

மதியம் வாடி மாலையில் நிமிர்ந்தால் தளத்தின் சூடு, அவ்வளவுதான். மாலையிலும் நிமிரவில்லை என்றால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பையின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா? பழைய தென்னை நார்க்கழிவு இறுகிப்போய்த் தண்ணீர் இறங்காமல் நிற்கும். மண்ணை முகர்ந்தால் சாக்கடை வாடை வரும். குச்சியால் ஓட்டையைக் குத்தித் திறந்து, மூன்று நாள் தண்ணீர் நிறுத்துங்கள்.

வடிகால் சரியாக இருந்தும் தக்காளியோ கத்தரியோ பச்சையாகவே இரண்டு மூன்று நாளில் சாய்ந்துவிட்டால், அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால் போல வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். செடியையும் மண்ணையும் அந்தப் பையோடு அப்புறப்படுத்துங்கள், வெட்டிய கத்தியைக் கழுவிக் கொதிநீரில் போடுங்கள்.

செடி மெலிந்து, உரம் போட்டும் தேறாமல் வாடினால் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் முழுக்க முண்டு முண்டாக இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அவரையிலும் காராமணியிலும் வேரில் முடிச்சு இருந்தால் பதறாதீர்கள். நகத்தால் தள்ளினால் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றின் தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் நல்ல முடிச்சு. நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, தனியாக உதிராது. நூற்புழு வந்த மண்ணைச் சித்திரை வெயிலில் ஈரமாக்கிப் பரப்பி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் ஒட்ட மூடி 4 முதல் 6 வாரம் விடுங்கள். பிறகு அந்தப் பையில் ஒரு முறை செண்டுமல்லி போடுங்கள். அடுத்த கத்தரிக்குச் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய நாற்று கிடைத்தால் வாங்குங்கள். சுண்டைவேர் நூற்புழுவையும் வாடலையும் நன்றாகத் தாங்கும்.

மண்ணைக் கொட்டும்போது சுருண்டு கிடக்கும் கொழுத்த வெள்ளைப் புழு வந்தால், சரியாக மக்காத சாணத்தோடு வந்தது. பொறுக்கிவிட்டு, அடுத்த முறை நன்றாக மக்கிய எருவாகப் பார்த்துப் போடுங்கள்.

மழை நாளில் நாற்று மொட்டையாகிறது

காலையில் வெள்ளிக் கோடு போலக் காய்ந்த தடம் தெரிந்தால் நத்தை. நனைந்த சாக்கை மடித்து, அடியில் பப்பாளித் தோல் வைத்து மூலையில் போடுங்கள், காலையில் எல்லாம் அதன் கீழே கூடியிருக்கும். வெறும் கையால் தொடாதீர்கள், மனிதரைத் தாக்கும் ஒட்டுண்ணிகள் அதில் இருக்கலாம். பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள், உப்பைப் பை மண்ணில் தூவினால் வேர் போய்விடும்.

கரைசல்கள், அளவோடு

வேப்பெண்ணெய்: 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மிதக்கும், மிதந்த எண்ணெய் பட்ட இலை கருகும். காதி சோப்புக் கரைசல் 2 மில்லியை முதலில் எண்ணெயோடு அடித்துக் கலக்குங்கள், பால் நிறம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேருங்கள். சூரியன் இறங்கிய பிறகுதான் தெளிக்க வேண்டும். வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும், தேனீக்களும் அந்த நேரத்தில் வீடு திரும்பியிருக்கும். புதிய செடி என்றால் இரண்டு இலையில் தெளித்து ஒரு நாள் பாருங்கள்.

சோப்புக் கரைசலுக்குத் துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், இலையைப் பொசுக்கிவிடும்.

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் தலா 50 கிராம் அரைத்து, 1 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து மெல்லிய துணியில் வடிகட்டி, லிட்டருக்கு 50 மில்லி சேர்த்துத் தெளிக்கலாம். இது விரட்டும், கொல்லாது. வந்துவிட்ட கூட்டத்தை அகற்றிய பிறகு தெளித்தால்தான் பிரயோஜனம்.

புகையிலைக் கஷாயம் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இலையிலிருந்து வருவதால் இயற்கைதான், ஆனால் நிக்கோட்டின் மனிதருக்கும் கடும் விஷம். நாளைக்குப் பறித்துச் சமைக்கப்போகும் கீரையில் அதைத் தெளிக்கலாமா?

எதைத் தெளித்தாலும் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை. அதற்கும் அசையவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள். கண்டுபிடித்ததில் எங்கோ தவறு இருக்கிறது, இலையைத் திரும்பப் பாருங்கள்.

இவற்றில் எனக்கு அதிக நம்பிக்கை வேப்பங்கொட்டைக் கரைசல்மேல்தான். தோல் நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் முடிந்து, 1 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். கொட்டை பறித்து மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும், எட்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆனி, ஆடியில் தெருவில் உதிரும் வேப்பம்பழத்தைப் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் காயவைத்து, காற்றுப் போகும் சாக்கில் கட்டி வைத்தால் ஐப்பசியிலிருந்து மாசி வரை கைவசம் இருக்கும். எங்கள் தெருவில் நான்கு வேப்பமரங்கள். இந்த ஆனியிலும் விடிகாலையில் ஒரு கூடையோடு போக வேண்டும், துப்புரவுப் பணியாளர்கள் பெருக்கிவிடுவதற்கு முன்.